ஊரில் செய்த ஆம்பிளிபயர்: வெப்பமும் மின்வழங்கலும்

கிராம சபை, ஊரார் கூடிக் கணக்குக் கேட்கும் இடமாகும். கேட்பதற்குக் குரல் எட்ட வேண்டும். 2023-ஆம் ஆண்டு மே 1-ஆம் நாள், நம் ஒன்றியத்தைச் சேர்ந்த ஓர் ஊராட்சியில் வரவு செலவு அறிக்கை வாசிக்கப்படுகையில் ஆம்பிளிபயர் ஊமையாயிற்று. பின்வரிசையில் இருந்த பெண்கள் கணக்கைக் கேளாமலே கையொப்பமிட்டுச் சென்றனர். அக்கருவி, உள்ளூர் இளைஞர் ஒருவர் உதிரிப் பாகங்களைக் கொண்டு அமைத்தது. நாம் அதனைத் திறந்து பார்த்தோம். காற்றுப் புகாத பலகைப் பெட்டி, அதனுள் எரிந்த டிரான்சிஸ்டர், உப்பிய கண்டன்சர். இத்தகைய கருவிகள் பல ஊர்களிலும் உள்ளமையால் அவற்றின் இரு குறைகளையும் ஈண்டு ஆராய்வோம்.

வெப்பம்

வழக்கமான ஏபி வகுப்புச் சுற்று, தான் பெறும் மின்சக்தியில் நூற்றுக்கு 78 பங்குக்கு மேல் ஒலிபெருக்கிக்கு அனுப்ப வல்லதன்று. நடைமுறையில் இதனினும் குறைவே. எஞ்சியது டிரான்சிஸ்டரில் வெப்பமாகிறது. ஓசையைக் குறைத்து வைத்தால் சூடேறாது என்று எண்ணுவது பிழை. முழுத்திறனில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அளவில் ஒலிக்கும்போதுதான் வெப்பம் உச்சமடைகிறது.

பலரும் பயன்படுத்தும் 2என்3055 டிரான்சிஸ்டர், தன் உடற்சூடு 25 டிகிரியாக இருக்கையில் 115 வாட் வெப்பத்தைத் தாங்கும். உடற்சூடு 100 டிகிரியானால் ஏறத்தாழ 66 வாட்டே தாங்கும். மே மாத வெயிலில், தகரப் பந்தலின் கீழ், இந்த வேறுபாடு கருவியின் உயிரைக் குடித்துவிடும்.

குவித்த நெல் உலராது. களத்தில் பரப்பினால் உலரும். வெப்பமும் அவ்வாறே. அதனைப் பரப்புவதற்கே அலுமினிய ஹீட்சிங்க் உள்ளது. அதன் இதழ்கள் செங்குத்தாக, பெட்டிக்கு வெளியே நிற்க வேண்டும். டிரான்சிஸ்டருக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையிலுள்ள மைக்காவின் இருபுறமும் வெப்பப் பசை தடவுதல் வேண்டும். கருவியின் மேல் துணி போர்த்தலாகாது.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. சூடேறச் சூடேற டிரான்சிஸ்டர் மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும். அது மேலும் சூட்டை விளைவிக்கும். இதனைக் கட்டுப்படுத்தும் பயாஸ் டயோடை ஹீட்சிங்க்கிலேயே ஒட்டி அமைத்தல் இன்றியமையாதது. 8 ஓம் ஒலிபெருக்கிகள் இரண்டை இணையாகச் சேர்த்தால் சுமை 4 ஓம் ஆகி, மின்னோட்டம் இருமடங்காகும் என்பதையும் மறத்தலாகாது.

மின்வழங்கல்

24 வோல்ட் டிரான்ஸ்பார்மரிலிருந்து டயோடுகள் வழியே 24 வோல்ட்தான் கிடைக்கும் என்பது தவறான எண்ணம். அலையின் உச்சம் ஏறத்தாழ 34 வோல்ட். டயோடுகளில் இழப்பதைக் கழித்தால் 32-க்குச் சற்று மேல். இரவில் பம்புசெட்டுகள் நின்று, 230 வோல்ட் நூற்றுக்குப் பத்துப் பங்கு உயர்ந்தால், அது 36-ஐ எட்டும். ஆகவே 35 வோல்ட் கண்டன்சர் உப்பியதில் வியப்பில்லை. 50 வோல்ட் கண்டன்சரே தகுதியானது.

பம்பு விட்டுவிட்டு நீர் இறைத்தாலும், தொட்டி இருந்தால் வாய்க்காலில் நீர் சீராக ஓடும். கண்டன்சர் அத்தகைய தொட்டி. 2 ஆம்பியர் இழுக்கையில், 4,700 மைக்ரோபாரட் கண்டன்சரில் மின்னழுத்தம் ஏறத்தாழ 4 வோல்ட் ஏறி இறங்கும். 10,000 ஆயின் 2 வோல்ட். இவ்வேற்றத்தாழ்வே பேச்சினூடே 'ம்ம்' என்ற முரல் ஒலியாகக் கேட்கிறது. சூடு 10 டிகிரி உயரும்தோறும் கண்டன்சரின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். ஆதலால் அதனை ஹீட்சிங்க்கிற்கு அருகில் வைத்தல் கூடாது.

பாதுகாப்பு

உலோகப் பெட்டியாயின் எர்த் இணைப்புக் கட்டாயம். பியூசுக்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றுதல் உயிருக்கே கேடாகும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கண்டன்சரில் மின்னூட்டம் தங்கியிருக்கும். அதனை ரெசிஸ்டர் வழியே வடித்த பின்னரே உள்ளே கைவைக்க வேண்டும். பழுது பார்த்த கருவியை முதலில் 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்து இயக்குக. பல்பு ஒருகணம் ஒளிர்ந்து மங்கினால் நலம். முழு ஒளியுடன் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் உள்ளது.

சபை கூடுவதற்கு முதல்நாள் கருவியை ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்ப்பதை ஊராட்சிகள் வழக்கமாக்கிக் கொள்ளுமாறு வேண்டுகிறோம். மேற்கூறிய ஊரில் அவ்விளைஞரே குறைகளைத் திருத்தினார். அவ்வாண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள் கணக்கு முழுவதும் பின்வரிசைக்கும் கேட்டது. தெருவிளக்குச் செலவைக் குறித்து முதற்கேள்வி எழுந்ததும் அவ்வரிசையிலிருந்துதான்.