கண்டென்சர் வேறு, பேட்டரி வேறு – தெரிந்து கொண்டால் காசு மிச்சம்!



சென்ற கோடையில் நம் ஊரூர் ஒல்காட் குப்பத்துக் குழுக் கூட்டத்தில் ஒரு சகோதரி 2,000 ரூபாய் உள்கடன் கேட்டார். எதற்கு என்று கேட்டோம். "ஃபேன் சுத்தலக்கா. கொய்ன்னு சத்தம் மட்டும் வருது. காயில் போச்சு, புதுசு வாங்கிடுங்கன்னு கடையில சொல்லிட்டாங்க" என்றார்.

"காஞ்ச குச்சியால தள்ளி விட்டா சுத்துதா?" என்று இன்னொரு சகோதரி கேட்டார்.

"மெதுவா சுத்துது."

"அப்போ மொதல்ல கண்டென்சரை மாத்திப் பாரு."

எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றினார். பொருளின் விலை நூறு ரூபாய்க்குள்தான். ஃபேன் ஓடியது, கடன் தேவைப்படவில்லை. அன்று பலரும் கேட்ட கேள்வி: "கண்டென்சர்னா குட்டி பேட்டரியா?" இல்லை. இரண்டும் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும், ஆனால் வேலை வேறு. அதைத்தான் இந்த மாதம் பார்க்கப் போகிறோம்.

சுருக்குப்பையும் பேங்க் கணக்கும்

சுருக்குப்பையில் காசை உடனே போடலாம், உடனே எடுக்கலாம். ஆனால் கொஞ்சம்தான் கொள்ளும். அதுதான் கண்டென்சர். பேங்கில் போடவும் எடுக்கவும் நேரம் ஆகும், ஆனால் நிறைய சேரும். அதுதான் பேட்டரி.

கண்டென்சருக்குள் இரண்டு உலோகத் தகடுகள், நடுவில் மின்சாரம் பாயாத மெல்லிய தாள். தகடுகளின் மேல் மின்சாரம் அப்படியே தங்கும். பேட்டரியில் அப்படி இல்லை. இன்வெர்ட்டர் பேட்டரியில் ஈயத் தகடும் ஆசிட்டும் இருக்கின்றன. சார்ஜ் ஏறும்போது அவை ரசாயன மாற்றம் அடைகின்றன. பழைய நிலைக்குத் திரும்பும்போது மின்சாரம் வெளியே வருகிறது. அதனால் 12 வோல்ட் பேட்டரி, தீரும் வரை ஏறக்குறைய 12 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். கண்டென்சரில் எடுக்க எடுக்க வோல்ட் இறங்கிவிடும்.

கணக்குப் பார்ப்போமா?

சீலிங் ஃபேன் கண்டென்சரின் மேல் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருக்கும். அதில் தங்கும் மின்சாரத்தால் 75 வாட் ஃபேனை ஒரு நொடியில் ஐநூறில் ஒரு பங்கு நேரம்தான் ஓட்ட முடியும், கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை! ஒரு 150 ஆம்பியர்-அவர் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் அதே ஃபேனை சுமார் 15 மணி நேரம் ஓட்டும்.

பிறகு ஃபேனுக்கு கண்டென்சர் எதற்கு? ஃபேன் மோட்டாரில் இரண்டு காயில்கள். ராட்டினத்தை இரண்டு பேர் மாறி மாறித் தள்ளினால்தான் சுற்றும். ஒரு காயிலுக்குப் போகும் மின்சாரத்தைச் சற்று முன்னே அனுப்பி, மாறி மாறித் தள்ள வைப்பது கண்டென்சர்தான். அது பலவீனமானால் ஃபேன் முனகும், மெதுவாகச் சுற்றும். தள்ளியும் சுற்றவில்லை, கருகிய வாடை வருகிறது என்றால் காயிலைப் பார்க்க வேண்டும்.

2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது சென்னையில் பல பகுதிகளில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் கை கொடுப்பது பேட்டரிதான்.

கவனமாக இருப்போம்

1. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது.
2. சார்ஜ் ஏறும்போது தீப்பற்றும் வாயு வெளிவரும். பக்கத்தில் விளக்கோ அடுப்போ வேண்டாம், காற்றோட்டம் வேண்டும்.
3. நம் கடற்கரை உப்புக் காற்றில் பேட்டரி முனைகள் சீக்கிரம் பூக்கும். மெக்கானிக்கிடம் சொல்லி, துடைத்து வாஸ்லின் தடவச் சொல்லுங்கள்.
4. சுவிட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கலாம். நாமே கழற்ற வேண்டாம். பிள்ளைகள் கையில் விளையாடக் கொடுக்கவே கூடாது.
5. பழைய பேட்டரியை உடைக்காதீர்கள், ஈயம் விஷம். புதுசு வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள்.
6. உப்பிய செல்போன் பேட்டரியைக் குத்தவோ, சார்ஜ் போடவோ கூடாது. தீப்பிடிக்கும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்: உங்கள் வீட்டில் எந்தெந்தப் பொருளில் பேட்டரி இருக்கிறது? எதில் கண்டென்சர்? ரிப்பேர் என்று காசு கொடுக்கும் முன், "எந்தப் பொருள் போச்சு? கழட்டினதைக் காட்டுங்க" என்று தைரியமாகக் கேட்போம். கேட்பது நம் உரிமை, மிச்சமாவது நம் சேமிப்பு!