மென்பொருளின் மாற்றத்தை அளப்பது எப்படி?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்

லினக்ஸ் கணினியில் மென்பொருள்கள் பொதிகளாக வந்து சேர்கின்றன. அவற்றை நிறுவுவதும் புதுப்பிப்பதும் பொதி மேலாளர் என்னும் நிரலின் வேலை. பழைய பதிப்பெண்ணையும் புதிய பதிப்பெண்ணையும் அது கூறும். உள்ளே எவ்வளவு மாறிற்று என்று கூறாது. அதனை அளக்கும் வழிகளை இங்குக் காண்போம்.

பதிப்பெண் அளவுகோல் ஆகாது. அது ஆக்கியவர் இட்ட பெயரே. எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஆயினும், மூட்டையின் மேல் எழுதிய எடையை நம்பாமல் தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பதைத் தந்தையிடமே கற்றேன்.

முதல் அளவை, வரி வேறுபாடு. 1970களில் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான 'டிஃப்' என்னும் நிரல், இரு கோப்புகளை ஒப்பிட்டு, நீங்கிய வரிகளையும் சேர்ந்த வரிகளையும் காட்டும். ஒரு வரி நீங்கி இரு வரிகள் சேர்ந்தால் வேறுபாடு 3. ஆனால் எண்ணிக்கை வேறு, விளைவு வேறு. 'மரம்' என்பது 'மறம்' ஆக ஓரெழுத்து மாறினால் போதும். பொருளோ முற்றிலும் மாறிவிடுகிறது!

இரண்டாவது, கைரேகை. 'ஷா-256' முறை எவ்வளவு பெரிய கோப்புக்கும் 256 பிட் நீளமுள்ள எண் ஒன்றைத் தருகிறது. கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அவ்வெண் மாறிவிடும். எந்தக் கோப்பு மாறியது என்பதை இது காட்டும். எவ்வளவு என்பதைக் காட்டாது. மூலநிரல் மாறாதபோதும், தொகுத்த நேரம் உள்ளே பதிந்தால் கைரேகை மாறும். ஒரே மூலத்திலிருந்து என்றும் ஒரே கோப்பு வரச் செய்ய 2013 முதல் டெபியன் குழுவினர் முயன்று வருகின்றனர்.

மூன்றாவது, நடத்தை. கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்இசட் யூட்டில்ஸ்' மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் 2024இல் கள்ளவாசல் ஒன்று புகுத்தப்பட்டது. தீய நிரல், சோதனைக் கோப்புகள் என்ற போர்வையில் இருந்த இருமக் கோப்புகளில் ஒளிந்திருந்தது. வரி வேறுபாடு அங்கே பயன்படாது. அதனை இயக்கிவைக்கும் பகுதியோ பொதுக் களஞ்சியத்தில் இல்லை. வெளியிட்ட தொகுப்பில் மட்டுமே இருந்தது. களஞ்சியத்தையும் தொகுப்பையும் ஒப்பிட்டவர்க்கே அது புலப்பட்டிருக்கும். ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்னும் பொறியாளர், தொலைவிலுள்ள கணினியில் நுழைய ஏறத்தாழ அரை நொடி கூடுதலாவதைக் கண்டு, காரணத்தைத் தேடிச் சென்று சூழ்ச்சியை வெளிப்படுத்தினார்.

எனவே வரி, கைரேகை, நடத்தை ஆகிய மூன்றையும் சேர்த்தே அளக்க வேண்டும். ஒன்று காணாததை மற்றொன்று காணும். நண்பர்களே, நாளை நாமும் மென்பொருள் ஆக்குவோம். பிறர் ஆக்கியதைப் பயன்படுத்துவோம். அரை நொடியையும் அலட்சியம் செய்யாத பழக்கத்தை ஆய்வகத்திலேயே கற்றுக்கொள்வோமாக!