முதியோருக்குச் சாப்பாடு அனுப்பும் தொழில்

சோறு விற்பதை நமக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பினாங்கில் தோளில் கம்பைப் போட்டு, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகச் சுமந்து விற்றவர்கள் நம்மவர்களே. நாசி கண்டார் என்ற பெயரே அந்தக் கம்பினால் வந்தது. இன்று ரெம்பாவ் வட்டாரத்தில் அதே தொழிலுக்கு வேறொரு தேவை பிறந்திருக்கிறது. தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள் முதுமையடைந்துவிட்டார்கள். பிள்ளைகளோ சிரம்பானிலும் கோலாலம்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். தனியே இருக்கும் பாட்டி காலையில் ஆக்கியதையே இரவு வரை வைத்துச் சாப்பிடுகிறார். மலாய்க்காரர் மங்கோக் திங்காட் என்று சொல்லும் அடுக்குச் சட்டியில் மாதக் கணக்குக்குச் சாப்பாடு அனுப்பும் பழக்கம் இந்நாட்டில் பழையதே. அதை முதியோருக்கென்று செய்வதானால் என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதே இங்கு நம் பாடம்.

முதலாவது, நேரம். மற்ற வாடிக்கைக்காரருக்குச் சாப்பாடு அரைமணி தாமதமானால் கோபம் வரும், அவ்வளவுதான். முதியவர் விஷயம் அப்படியன்று. 2023-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் வயது வந்தோரில் ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர் நீரிழிவு உள்ளவர். இன்சுலின் போட்டுக்கொண்டவரோ, கிளிக்லசைடு போன்ற மாத்திரை விழுங்கியவரோ சாப்பாட்டுக்குக் காத்திருந்தால், சர்க்கரை இறங்கி மயங்கி விழக்கூடும். ஆகையால் பெடாஸ், கோத்தா என்று நாலு திசையும் ஓடாமல், ஒரே பாதையில் பத்துப் பதினைந்து வீடுகளை மட்டும் பிடிப்பதே புத்தி. வண்டி பழுதானால் யார் கொண்டுபோவது என்பதையும் முன்பே பேசி வைக்க வேண்டும்.

அடுத்தது சோறு. அதில் வளரும் ஒருவகைக் கிருமியின் வித்து கொதித்தாலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் நெடுநேரம் கிடந்தால் அது முளைத்து விஷம் கக்கும். மறுபடி சுடவைத்தாலும் அந்த விஷம் போகாது. உணவு 60 டிகிரிக்கு மேல் சூடாகவே போய்ச்சேர வேண்டும். காலையில் ஆக்கி மதியம் அனுப்புவது வேண்டாம். நாக்கில் ருசி குறைந்த முதியவர் உப்புக் கேட்பார். கொடுத்துவிடாதீர்கள், புளியும் மல்லித்தழையும் கை கொடுக்கும். பருப்பு, முட்டை, முள் நீக்கிய மீன் இவற்றில் ஒன்று நாள்தோறும் இருக்கட்டும். சிறுநீரக நோயாளிக்கு மட்டும் டாக்டர் சொன்ன அளவே சட்டம்.

சட்டம் என்றதும் நினைவு வருகிறது. தொழில் தொடங்கிய 30 நாட்களுக்குள் எஸ்.எஸ்.எம்-இல் பதிய வேண்டும். 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகளின்படி, சமைப்பவருக்கும் பரிமாறுபவருக்கும் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் கட்டாயம். வீட்டில் சமைத்து விற்பதற்கான நிபந்தனைகளை ரெம்பாவ் மாவட்ட மன்றத்தில் கேட்டுக்கொள்க. ஹலால் சான்றிதழ் பெறாமல் அதன் முத்திரையை ஒட்டலாகாது, சமைப்பவர் நம்மவரேயானாலும்.

இனிக் கணக்கு. 15 பேர், சாப்பாடு 9 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். நாள் வரவு 135. சாமான் 70, எரிவாயு, பெட்ரோல் முதலியன 25 போனால் மிச்சம் 40. 26 நாளைக்கு 1,040 ரிங்கிட். அதில்தான் சமைப்பவர் கூலியும் கொண்டுபோகிறவர் கூலியும். ஒருவர் மாதப் பணம் தராமல் போனால் 234 ரிங்கிட் நஷ்டம். முன்பணம் வாங்கக் கூச்சப்படலாகாது. பெரும்பாலும் பணம் கொடுப்பவர் கோலாலம்பூரில் இருக்கும் மகன்; உண்பவர் இங்கிருக்கும் தாய். குறை இருந்தால் மகனுக்குத் தெரிவதில்லை. ஆகவே வாரம் ஒருமுறை அம்மாவிடமே கேட்டறிந்து மகனுக்குச் சொல்லிவிடுங்கள்.

இங்கிலாந்தில் 1943-இல், யுத்த காலத்திலேயே, முதியோர் வீடுகளுக்குச் சூடான உணவு கொண்டுபோகும் தொண்டு தொடங்கியது. அங்கே கண்ட பெரும் பிரயோசனம், ஒரு மனிதர் நாள் தவறாமல் கதவைத் தட்டுகிறார் என்பது. நம் வண்டிக்காரரும் சட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போகலாகாது; முகத்தைப் பார்த்துக் கையில் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் பிள்ளையின் எண்ணும் அண்டைவீட்டாரின் எண்ணும் அவரிடம் எழுதியிருக்கட்டும். தட்டிக் கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் அடுத்த வீட்டுக்குச் சாப்பாடு பத்து நிமிஷம் தாமதமானாலும் பரவாயில்லை. முதலில் அண்டைவீட்டாரை அழைத்துக் கதவைத் திறக்கச் சொல்லி, தேவையானால் 999-க்குச் சொல்ல வேண்டும்.