பன்னிரண்டு வோல்ட்டுதானே!

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது" என்பது நம் முன்னோர் வாக்கு. இதற்கு எடுத்துக்காட்டு தேடிச் சமையலறைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. ஒரு ஜீப்பின் முன்மூடியைத் திறந்து பார்த்தாலும் போதும். அங்கே அமைதியாக வீற்றிருக்கும் பாட்டரியின் மின்னழுத்தம் வெறும் 12 வோல்ட்டு. நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறியது. உலர்ந்த கையால் தொட்டால் அதிர்ச்சிகூடத் தெரியாது. ஆகவே, "பன்னிரண்டு வோல்ட்டுதானே, என்ன செய்துவிடும்?" என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதை, நான்கு சக்கர இயக்க வண்டிகளில் பொருத்தப்படும் மின் வின்ச்சை எடுத்துக்கொண்டு ஆராய்வோம். பத்தாம் வகுப்பில் நாம் படிக்கும் இரண்டு விதிகளே இதற்குப் போதுமானவை.

வின்ச் என்பது யாது?

மழைக்காலத்தில் மலைத்தோட்டப் பாதைகளில் சேற்றில் புதைந்த வண்டி, நான்கு சக்கரங்களும் சுழன்றாலும் சில வேளைகளில் நகர மறுக்கும். அப்போது கைகொடுப்பது முன் பம்பரில் உள்ள வின்ச். அதன் உருளையில் எஃகு வடமோ செயற்கை இழைக் கயிறோ சுற்றப்பட்டிருக்கும். எதிரே உள்ள உறுதியான மரத்தில் அகலமான பட்டையைச் சுற்றி, வடத்தின் கொக்கியை அதனுடன் இணைத்து, மோட்டாரை இயக்க வேண்டும். உருளை வடத்தைச் சுற்றச் சுற்ற, வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு மேடேறும். மோட்டாரின் வேகத்தைப் பற்சக்கரங்கள் குறைத்து, இழுக்கும் விசையைப் பெருக்குகின்றன. இத்தகைய வண்டிகளில் பரவலாகக் காணப்படும் 9,500 பவுண்டு வின்ச், ஏறக்குறைய 4,300 கிலோகிராம் எடைக்கு ஈடான விசையுடன் இழுக்க வல்லது.

முற்காலத்தில் வண்டியின் எஞ்சினே சுழல்தண்டு மூலம் வின்ச்சைச் சுழற்றியது. எஞ்சின் நின்றால் வின்ச்சும் நின்றுவிடும். 1959இல் அமெரிக்காவின் வார்ன் நிறுவனம் உல்லாசப் பயண வண்டிகளுக்கான மின் வின்ச்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மின் வின்ச்சுக்கு எஞ்சின் தேவையில்லை; பாட்டரி போதும். இதுவே அதன் பெருமை. ஆனால் அதன் ஆபத்தும் இதிலேதான் இருக்கிறது. எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாலும், வின்ச்சுக்குச் செல்லும் தடித்த கேபிளில் மின்சாரம் காத்துக்கொண்டுதான் இருக்கும்.

ஓம் சொன்ன விதி

ஜெர்மனியில், கொலோன் நகரில் இயேசு சபையார் நிறுவிய பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றியவர் ஜார்ஜ் சைமன் ஓம். 1827இல் அவர் வெளியிட்ட விதியை நாம் அறிவோம். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். உலர்ந்த தோலின் தடை பல ஆயிரம் ஓம் ஆகும். 12ஐ 10,000 ஆல் வகுத்தால் 0.0012 ஆம்பியர்தான் வரும். நமக்கு அதிர்ச்சி தெரியாததன் காரணம் இதுவே.

ஆனால் பாட்டரியின் இரு முனைகளுக்கும் இடையே நம் விரலுக்குப் பதிலாக ஓர் இரும்பு ஸ்பேனர் விழுந்தால் என்ன ஆகும்? நல்ல பாட்டரியின் அகத்தடை மிக மிகக் குறைவு. சுற்றின் மொத்தத் தடை 0.01 ஓம் என்று கொண்டால்கூட, பாயும் மின்னோட்டம் 1,200 ஆம்பியர்! அச்சுற்றில் தோன்றும் வெப்பத்தின் திறன் 14,400 வாட். இது பதினான்கு இஸ்திரிப் பெட்டிகளை ஒரே இடத்தில் சூடேற்றுவதற்கு ஒப்பாகும். ஸ்பேனர் அந்த இடத்திலேயே பற்றிக்கொள்ளும், பொறி பறக்கும். ஸ்பேனருக்குப் பதில் அங்கே மோதிரமோ வளையலோ அகப்பட்டால், அது நொடிப்பொழுதில் பழுக்கக் காய்ந்து கையைச் சுட்டுவிடும். பாட்டரியின் அருகே வேலை செய்பவர் மோதிரம், வளையல், சங்கிலி, கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வைக்க வேண்டும் என்பது இதனால்தான்.

ஜூல் சொன்ன விதி

இரண்டாவது விதியை 1841இல் வெளியிட்டவர் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல். மின்கடத்தியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும், மின்தடைக்கும், நேரத்திற்கும் நேர் விகிதத்தில் இருக்கும். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதை இங்கே மறக்கலாகாது.

நாம் கூறிய வின்ச் முழுப் பளுவை இழுக்கும்போது ஏறக்குறைய 400 ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். வீட்டில் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி எடுத்துக்கொள்வது 4 ஆம்பியருக்குச் சற்று மேல்தான். இப்போது ஒரு கணக்கைப் போடுவோம். பாட்டரியிலிருந்து வின்ச்சுக்குப் போக 2 மீட்டரும் திரும்பி வர 2 மீட்டரும், ஆக 4 மீட்டர் செம்புக் கேபிள் தேவை என்று கொள்வோம்.

கேபிளின் குறுக்குப் பரப்பு 50 சதுர மில்லிமீட்டர் என்றால், அதன் தடை 0.00136 ஓம். 400 ஆம்பியர் பாயும்போது இழக்கப்படும் மின்னழுத்தம் 0.54 வோல்ட்டு. கேபிள் முழுவதும் தோன்றும் வெப்பம் ஏறக்குறைய 218 வாட்.

செலவைக் குறைக்க எண்ணி 10 சதுர மில்லிமீட்டர் கேபிளைப் போட்டால், தடை ஐந்து மடங்காகிறது. அதே 400 ஆம்பியருக்கு 2.7 வோல்ட்டு வழியிலேயே வீணாகும். கேபிளில் 1,088 வாட் வெப்பம் தோன்றும். ஓர் இஸ்திரிப் பெட்டியை ரப்பர் உறைக்குள் வைத்துத் தைத்தது போன்ற நிலை அது! உறை உருகும், செம்பு வெளியே தெரியும், பிறகு தீதான். எனவே, வின்ச்சைத் தயாரித்தவர் குறிப்பிட்ட தடிமனுக்குக் குறைந்த கேபிளை ஒருபோதும் பயன்படுத்தலாகாது.

காவலன் இல்லாத கேபிள்

வீட்டில் மின்னோட்டம் அளவு மீறினால் ஃபியூஸ் உருகி நம்மைக் காக்கிறது. வின்ச்சில் அப்படி இல்லை. பல வின்ச்சுகள் முதன்மைக் கேபிளில் ஃபியூஸ் இல்லாமலேயே விற்கப்படுகின்றன. சரிவில் வண்டி பாதி ஏறியிருக்கும்போது ஃபியூஸ் உருகிவிட்டால் அதுவும் இடரே அல்லவா? மேலும் வின்ச் இயல்பாகவே நானூறு ஆம்பியர் கேட்பதால், இயல்பான பளுவையும் பழுதையும் ஃபியூஸால் பிரித்தறிவது கடினம்.

ஆகவே காவலன் இல்லாத கேபிள் ஒன்று பாட்டரியிலிருந்து பம்பர் வரை நீண்டு கிடக்கிறது. வண்டி எதன் மீதாவது மோதினால் முதலில் நசுங்குவது அந்தப் பம்பர்தான். கேபிள் இரும்பில் நசுங்கினால், மேலே கண்ட குறுக்குச் சுற்று எஞ்சின் அறைக்குள்ளேயே நிகழும்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. கையில் பிடிக்கும் ரிமோட்டின் பொத்தானை அழுத்தும்போது சிறு மின்னோட்டம் ஒரு சொலினாய்டை இயக்குகிறது. சொலினாய்டு தன் தடித்த செம்புத் தொடுமுனைகளை இணைத்துப் பெரும் மின்னோட்டத்தை மோட்டாருக்கு அனுப்புகிறது. பாட்டரி வலுவிழந்திருந்தால் சொலினாய்டின் இழுப்பும் குறையும்; தொடுமுனைகள் அரைகுறையாகத் தொட்டு, சூடேறி, ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளலாம். அதன்பின் பொத்தானை விட்டாலும், ரிமோட்டையே பிடுங்கினாலும் மோட்டார் நிற்காது. அவ்வேளையில் ஒருவருடைய கை வடத்தின் மீது இருந்தால் நேரக்கூடியதை எண்ணிப் பாருங்கள்!

துண்டிக்கும் சுவிட்சு

இவ்விரு ஆபத்துகளுக்கும் பரிகாரம் ஒன்றே. அதுதான் ஐசோலேட்டர் எனப்படும் கட்-ஆஃப் சுவிட்சு. வின்ச்சைப் பாட்டரியிலிருந்து முற்றிலும் பிரித்துவிடுவதே அதன் வேலை. அது எப்படி இருக்க வேண்டும் என்று காண்போம்.

1. அது பாட்டரியின் நேர் முனையிலிருந்து வரும் கேபிளில், பாட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். பம்பரில் வைத்தால் பாட்டரிக்கும் சுவிட்சுக்கும் இடையிலுள்ள நீண்ட கேபிளில் எப்போதும் மின்சாரம் இருக்கும். சுவிட்சு வைத்தும் பயனில்லை.

2. வின்ச்சின் முழுப் பளு மின்னோட்டத்தைத் தாங்கவும், தேவைப்பட்டால் அதைத் துண்டிக்கவும் வல்லதாக இருக்க வேண்டும். வீட்டிலுள்ள மாறுமின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியத்தைத் தொடுகிறது. ஆகவே அதைத் துண்டிப்பது எளிது. பாட்டரியின் நேர்மின்னோட்டம் அவ்வாறு ஓய்வதில்லை. துண்டிக்கும்போது தீப்பொறி நீளும். இயல்பான நேரத்தில் பொத்தானை விட்டு, மோட்டார் நின்ற பிறகே சுவிட்சை அணைக்க வேண்டும். மோட்டார் நிற்க மறுத்தால் தயங்காமல் உடனே அணைக்க வேண்டும்.

3. வடத்தின் மீது குனியாமல் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். சாவியைக் கழற்றி எடுக்கக்கூடியதாக இருந்தால் மிக நன்று.

பொருத்தும் முறை

இவ்வேலையைத் தேர்ந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் செய்வதே முறை. ஆயினும் முறையை நாம் அறிந்திருந்தால், சரியாகச் செய்யப்பட்டதா என்று கேட்க முடியும்.

முதலில் பாட்டரியின் எதிர் முனையைக் கழற்ற வேண்டும். பிறகுதான் நேர் முனை. இதன் காரணம் என்ன? வண்டியின் உடல் முழுவதும் எதிர் முனையோடு இணைக்கப்பட்டுள்ளது. எதிர் முனை மாட்டியிருக்கும்போது நேர் முனையின் நட்டைத் திருகும் ஸ்பேனர் உடலைத் தொட்டால் குறுக்குச் சுற்று ஏற்படும். எதிர் முனையை முதலில் கழற்றிவிட்டால் ஸ்பேனர் உடலைத் தொட்டாலும் தீங்கில்லை. மாட்டும்போது இதற்கு நேர் மாறாக, நேர் முனை முதலில், எதிர் முனை கடைசியில். மின்னேற்றத்தின்போது பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். ஒரு சிறு பொறி அதை வெடிக்கச் செய்யலாம். எனவே கண்ணாடி அணிவது அவசியம்.

கேபிள் புகைக்குழாய், விசிறி, கூரிய விளிம்பு ஆகியவற்றைத் தொடாமல் செல்ல வேண்டும். தகட்டுத் துளை வழியாகச் செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் வேண்டும். அது ஆடாதபடி கட்டி, மேலே பாதுகாப்புக் குழாயும் இட வேண்டும். கேபிள் முனைகளை முறுக்கிச் சொருகாமல், உரிய லக்குகளில் அழுத்திப் பொருத்தி, முனைகளுக்கு ரப்பர் மூடி போட வேண்டும். தளர்ந்த ஒரு நட்டும் மின்தடையே. ஜூல் விதி அதையும் விட்டுவைக்காது.

எதிர்க் கேபிளைத் துருவும் பெயின்டும் உள்ள பம்பரில் மாட்டாமல், பாட்டரியின் எதிர் முனைக்கே கொண்டுவருவது வழக்கம். புதிய வண்டிகள் சிலவற்றில் அம்முனையில் பாட்டரியைக் கண்காணிக்கும் உணரி இருக்கும். அவற்றில் வண்டியின் கையேடு காட்டும் இடத்திலேயே இணைக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் சோதனை. சுவிட்சை அணைத்து, வின்ச்சின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தால் 0 வோல்ட்டு காட்ட வேண்டும். பொத்தானை அழுத்தினால் உருளை அசையக் கூடாது. அணைத்துவிட்டோம் என்று நம்புவது வேறு. அணைந்துவிட்டது என்று அறிவது வேறு.

பயன்படுத்தும்போது மட்டுமே சுவிட்சு போடப்பட்டிருக்க வேண்டும். வண்டி ஓடும்போதும், நிறுத்தி வைக்கும்போதும், வடத்தில் கை வைக்கும் ஒவ்வொரு முறையும் அது அணைக்கப்பட்டிருக்க வேண்டும். ரிமோட்டைக் கழற்றினால் போதாதா எனலாம். போதாது. ரிமோட்டைக் கழற்றுவது கட்டளையை நிறுத்துகிறது. சுவிட்சே மின்சாரத்தை நிறுத்துகிறது. இரண்டையும் செய்வதே முறை.

நமக்கு இதனால் என்ன?

"நம் வீட்டில் ஜீப்பும் இல்லை, வின்ச்சும் இல்லை" என்று தோழியர் கூறலாம். ஆனால் இப்பாடம் ஜீப்போடு முடிவதில்லை. நல்ல எலக்ட்ரீஷியன் ஒருவர் வீட்டு ஒயரிங்கில் கை வைக்குமுன் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தம் சட்டைப் பையில் போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம். யாரும் அறியாமல் சுவிட்சைப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அவ்வாறு செய்கிறார். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் 1989இல் ஆலைகளுக்கு விதித்த முறையும் இதுவே. இயந்திரத்தில் வேலை செய்பவர் அதன் ஆற்றல் வழியைத் துண்டித்துப் பூட்டிட்டு, சாவியைத் தாமே வைத்துக்கொண்டு, துண்டிக்கப்பட்டதைச் சோதித்த பின்னரே கை வைக்க வேண்டும்.

ஆகவே அன்னையரே, தந்தையரே, தோழியரே! மிக்சியின் கத்தியைத் துடைக்குமுன் பிளக்கைப் பிடுங்குவோம். கிணற்று மோட்டாரைத் தொடுமுன் மெயினை அணைத்துச் சோதிப்போம். வீட்டில் வண்டி இருந்தால், "கட்-ஆஃப் சுவிட்சு எங்கே?" என்று கேட்போம். எண்ணைப் பார்த்து ஏமாறாமல், அதன் பின்னே நிற்கும் ஆற்றலை அறிந்து நடப்போம். நம்மைச் சூழ்ந்து வேலை செய்பவர்களின் கையும் விரலும் இறைவன் அளித்த செல்வங்கள். அவற்றைக் காக்க ஒரு சுவிட்சைத் திருப்பும் நேரமே செலவாகும்.