ஒளியிடுக்கியால் சவ்வின் விறைப்பை அளத்தல்

உயிரணு ஒவ்வொன்றையும் ஒரு மெல்லிய சவ்வு சூழ்ந்துள்ளது. லிப்பிடு எனப்படும் கொழுப்பினப் பொருளின் மூலக்கூறுகள் ஈரடுக்காய் அமைந்த படலமே அதன் அடிப்படையாகும். படலத்தின் தடிப்பு 4 முதல் 5 நானோமீட்டர் வரை. ஒரு மில்லிமீட்டர் உயரத்தை எட்ட இத்தகைய படலங்கள் சுமார் இரண்டு லட்சம் வேண்டும். இப்படலம் தன் தளத்தில் திரவம்போல் ஓடும். ஆயினும் வளைப்பதை எதிர்க்கும். இவ்வெதிர்ப்பின் அளவு வளைவு விறைப்பு எனப்படும்.

கருவி

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஆர்தர் ஆஷ்கினும் அவர்தம் குழுவினரும் 1986-ஆம் ஆண்டில் ஒரே லேசர்க் கற்றையால் நுண்துகளைப் பிடித்து நிறுத்திக் காட்டினர். இதுவே ஒளியிடுக்கி. 2018-ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசில் பாதி ஆஷ்கினுக்கு வழங்கப்பெற்றது. நுண்ணோக்கியின் வில்லை லேசர்க் கற்றையைக் குவிக்கும்போது, நீரிலுள்ள சிறு மணி ஒன்று குவியத்தின் அருகே ஈர்க்கப்பட்டு நிற்கும். மணி சிறிது விலகினால், விலகிய தொலைவுக்கு நேர்விகிதத்தில் மீட்கும் விசை தோன்றும். ஆகவே இஃது ஒரு வில்தராசே ஆகும்.

தராசைத் தரப்படுத்தல்

நீர் மூலக்கூறுகள் மோதுவதால் மணி இடையறாது நடுங்குகிறது. பிடி இறுகினால் நடுக்கம் குறையும், தளர்ந்தால் மிகும். நடுக்கத்தின் அளவையும் வெப்பநிலையையும் கொண்டு வில்லின் மாறிலியைக் கணக்கிடலாம். மாறிலி நானோமீட்டருக்கு 0.1 பிக்கோநியூட்டன் எனின், 100 நானோமீட்டர் விலகல் 10 பிக்கோநியூட்டன் விசையைக் குறிக்கும்.

அளக்கும் முறை

செயற்கையாக ஆக்கிய லிப்பிடுக் குமிழ் ஒன்று நுண்குழலின் முனையில் உறிஞ்சிப் பிடிக்கப்படுகிறது. உறிஞ்சும் அழுத்தத்திலிருந்து சவ்வின் பரப்பு இழுவிசை அறியப்படும். மணியைக் குமிழில் ஒட்டவைத்துக் குமிழை மெல்ல விலக்கினால், உள்ளீடற்ற மெல்லிய இழை ஒன்று நீளும். ரப்பரை நீட்ட நீட்ட விசை கூடும். இவ்விழையிலோ, பரப்பு இழுவிசை மாறாதவரை, நீளம் கூடினும் விசை கூடுவதில்லை. குமிழிலிருந்து சவ்வு ஓடிவந்து இழையாவதே காரணம்.

விசையின் வர்க்கத்தைப் பரப்பு இழுவிசையின் 79 மடங்கால் வகுக்க, வளைவு விறைப்புக் கிடைக்கும். உதாரணமாக, விசை 10 பிக்கோநியூட்டன், பரப்பு இழுவிசை நானோமீட்டருக்கு 0.016 பிக்கோநியூட்டன் எனின், விறைப்பு ஏறத்தாழ 79 பிக்கோநியூட்டன்-நானோமீட்டர் ஆகும். இது அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றல் அலகைப்போல் சுமார் 20 மடங்கு. எனவே வெப்ப அசைவால் சவ்வு இலேசாக அலையும். ஆனால் கசங்கிச் சுருண்டுவிடாது.

நோயறிவில் பயன்

செங்குருதியணுவில் லிப்பிடுப் படலத்தின் உட்புறம் ஸ்பெக்டிரின் என்னும் புரதவலை உள்ளது. திரவம் போன்ற படலத்துக்கு இல்லாத சறுக்கு விறைப்பை இவ்வலையே அளிக்கிறது. 2005-இல் சுப்ரா சுரேஷ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், மலேரியாக் கிருமியான பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் புகுந்த அணுக்கள் இருபுறமும் மணி ஒட்டி இழுக்கப்பட்டன. கிருமி முதிர்ந்த நிலையில் சறுக்கு விறைப்பு பத்து மடங்கு வரை உயர்ந்தது. விறைத்த அணு நுண்ணிய இரத்தக் குழாய்களில் எளிதில் நுழையாது. அது குழாய்ச் சுவரில் ஒட்டும் தன்மையும் பெறுவதால் குழாய் அடைபட்டு, நோய் கடுமையாகிறது.

ஆசிரியர்க்கு

நழுவும் கம்பி பொருத்திய சட்டத்தில் சோப்புப் படலத்தை விரித்துக் காட்டுக. படலம் அகன்றாலும் கம்பியை இழுக்கும் விசை மாறாது. ரப்பர்ப் பட்டையுடன் இதனை ஒப்பிட்டால், திரவப் படலம் நீள்வதற்கும் திடப்பொருள் நீள்வதற்கும் உள்ள வேற்றுமை மாணவர்க்கு எளிதில் விளங்கும்.