ஒரே வாசலை நம்பிய தேயிலை: ஜோர்ஜியா தரும் வியாபாரப் பாடம்

1998ஆம் ஆண்டின் கடைசி மாதங்களை என்னால் மறக்க முடியாது. ஹட்டனில் பலசரக்குக் கடையோடு இரண்டு லொறிகளும் வைத்திருந்தேன். கொழுந்து வாங்கித் தூளாக்கும் ஒரு தொழிற்சாலைக்கு அந்த லொறிகள் விறகு ஏற்றின. தேயிலையை வாட்டவும் உலர்த்தவும் விறகு நாள்தோறும் தேவை. என் விறகு முழுவதையும் அந்த ஒரு தொழிற்சாலையே எடுத்தது. வேறு ஆள் தேட வேண்டிய அவசியமே இல்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் பில்லுக்குக் காசு கேட்கப் போன என்னிடம் அங்கிருந்த கணக்குப்பிள்ளை சொன்னார்: "முதலாளி, ரஷ்யாவுல காசு விழுந்துருச்சாம். கொழும்பு ஏலத்துல நம்ம தூளுக்கு வெல இல்ல. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

அந்தப் பொறுமை நான்கு மாதம் நீடித்தது. லொறிக்கு லீசிங், சாரதிக்குச் சம்பளம், மரம் தந்தவருக்குக் கடன் எல்லாம் என் தலையில். ரஷ்யா எங்கே, ஹட்டன் எங்கே என்று அன்று யோசித்தவன்தான், பிறகு இந்த விடயத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததை வியாபாரச் சகோதரர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜோர்ஜியாவின் கதை

சோவியத் யூனியனுக்குள்ளேயே ஒரு தேயிலை நாடு இருந்தது நம்மில் பலருக்குத் தெரியாது. கருங்கடல் ஓரத்திலுள்ள ஜோர்ஜியாதான் அது. 1890களில் பொப்போவ் என்ற ரஷ்ய வர்த்தகர் சீனாவிலிருந்து தேயிலை நிபுணர் ஒருவரை வரவழைத்து, பட்டுமி துறைமுகத்துக்கு அருகே தோட்டம் அமைத்தார். சோவியத் ஆட்சியில் அது பெருகியது. 1980களின் நடுப்பகுதியில் 60,000 ஹெக்டயருக்கு மேற்பட்ட தோட்டங்களிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் தொன் தேயிலை கிடைத்தது.

அந்தத் தேயிலைக்கு விற்பனைக் கவலை இருக்கவில்லை. விளைந்ததை எல்லாம் அரசு வாங்கியது. மொஸ்கோ வகுத்த திட்டத்தின்படி இத்தனை தொன் வேண்டும் என்று மேலிருந்து கட்டளை வரும். கீழே இருப்பவர்கள் அந்த எடையைக் காட்டினால் போதும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று கையால் பறிக்கும் ஒழுங்கு குறைந்து, இயந்திர அறுவடை பெருகியது. கொழுந்தோடு முற்றிய இலையும் தண்டும் சேர்ந்து தொழிற்சாலைக்குப் போயின. எடை கூடியது, சுவை குறைந்தது. சோவியத் மக்களே யானைப் படம் போட்ட இந்தியத் தேயிலைப் பக்கற்றை விரும்பித் தேடினார்கள். ஆனாலும் ஜோர்ஜியத் தேயிலை விற்றுக்கொண்டுதான் இருந்தது. வாங்குபவருக்கு வேறு வழி இல்லாததே காரணம்.

1991இல் சோவியத் யூனியன் கலைந்தது. வாங்குபவருக்கு வேறு வழி பிறந்தது. இலங்கை, இந்தியத் தேயிலைகள் ரஷ்யக் கடைகளில் நிறைந்தபோது, ஜோர்ஜியத் தேயிலையை நாடிப்போக ஆள் குறைந்தது. உள்நாட்டுப் போரும் மின்வெட்டும் எரிபொருள் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டன. தொழிற்சாலை இயந்திரங்கள் பழைய இரும்பு விலைக்குப் போயின. தோட்டங்கள் காடாகின. பிற்காலத்தில் ஆண்டு உற்பத்தி சில ஆயிரம் தொன்னாகச் சுருங்கியது. கைவிடப்பட்ட தோட்டங்களைப் புதுப்பிக்க அந்நாட்டு அரசு 2016இல் தனித் திட்டம் தொடங்கியது. காடாக ஒரு சில ஆண்டுகளே போதும். மீண்டும் தோட்டமாக்க எத்தனை காலம் வேண்டும் என்பது மலையகத்தில் இருக்கும் நமக்குத் தெரியும்.

அந்த வெற்றிடத்தில் நாம்

ஜோர்ஜியா இழந்த சந்தை நமக்கு வாய்ப்பாகியது. அதே காலத்தில் இங்கும் ஒரு மாற்றம் நடந்தது. 1972, 1975 ஆம் ஆண்டுகளில் அரசுடைமையாக்கப்பட்ட தோட்டங்களின் நிர்வாகம், 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பிரித்தானியச் சந்தையில் நமது பங்கு ஏற்கெனவே தேய்ந்திருந்த வேளையில், ரஷ்யாவும் அதன் அயல் நாடுகளும் பெரிய வாடிக்கையாளர்களாக வந்து சேர்ந்தன.

இந்தியாவுக்கு நேர்ந்தது வேறு. ரூபாய்க் கணக்கில் சோவியத்துக்கு விற்ற ஏற்பாடு முடிந்ததும், அந்தச் சந்தையைப் பெரிதும் நம்பியிருந்த தென்னிந்தியத் தேயிலை தடுமாறியது. 1990களின் இறுதியில் நீலகிரியின் சிறு விவசாயிகள் பச்சைக் கொழுந்து விலை வீழ்ச்சியால் பட்ட துன்பத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் நாமும் பாடம் படிக்கவில்லை. 1998 ஆகஸ்ட் மாதம் ரஷ்யா ரூபிளின் மதிப்பைக் குறைத்தது. டொலருக்கு ஆறு ரூபிள் அளவில் இருந்தது, ஆண்டு முடிவதற்குள் இருபதைத் தாண்டியது. கொழும்பு ஏலத்தில் விலை சரிந்தது. அந்தச் சரிவுதான் ஹட்டனில் என் விறகுப் பில்லாக வந்து நின்றது.

அதன் பிறகும் எச்சரிக்கைகள் வந்தன. 1990களில் பக்கற் தேயிலையை நிறைய வாங்கிய ரஷ்யா, பின்னர் தன் நாட்டிலேயே பொதி செய்யும் தொழிற்சாலைகளை வளர்த்தது. நமது தேயிலை மூடையாகப் போய் அங்கே பக்கற்றாகியது. அந்த இலாபமும் அந்த வேலையும் அங்கேயே தங்கின. 2017 டிசம்பரில், ஒரு தேயிலைப் பொதியில் ஒரு வண்டு கண்டுபிடிக்கப்பட்டதாகக் கூறி ரஷ்யா நமது தேயிலையைத் தற்காலிகமாகத் தடை செய்தது. ரஷ்யா நமக்கு விற்கும் அஸ்பெஸ்டஸுக்கு இலங்கை தடை போட இருந்த நேரம் அது. நமது அரசு அந்த முடிவைப் பின்போட்டது. சில நாட்களில் தேயிலைத் தடையும் நீங்கியது. ஒரு வண்டு ஒரு நாட்டின் கொள்கையையே அசைத்ததென்றால், அந்த ஒரு வாசலை நாம் எவ்வளவு நம்பியிருந்தோம் என்பதை அளந்துகொள்ளலாம்.

2021இல் இரசாயன உரத்துக்கு விதிக்கப்பட்ட தடை வேறு வகை அடி. அது சில மாதங்களில் நீக்கப்பட்டாலும், 2021இல் ஏறத்தாழ 29 கோடியே 90 இலட்சம் கிலோவாக இருந்த உற்பத்தி, 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாக விழுந்தது. தோட்டத்தில் கொழுந்து குறைந்தால் வேலை நாள் குறையும். வேலை நாள் குறைந்தால் சம்பள நாளன்று ஹட்டன் கடைத்தெருவில் கூட்டம் குறையும். நமது கடன் கொப்பி தடிக்கும். ஆகவே இது தோட்டத்துரைமாரின் பிரச்சினை மட்டுமல்ல, நமது கல்லாப் பெட்டியின் பிரச்சினையுமாகும்.

நமக்கான பாடங்கள்

முதலாவது: மொத்த விற்பனையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே ஆளிடம் போகிறதா என்று கணக்குப் பாருங்கள். போகிறதென்றால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேறு வாசலும் திறந்து வையுங்கள். நான் பிறகு பேக்கரிகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் விறகு போட ஆரம்பித்தேன். சிறிய ஓடர்கள்தான். ஆனால் காசு அன்றன்றே கிடைத்தது. நான்கு மாதக் கடனை அடைத்தது அந்தச் சில்லறைதான்.

இரண்டாவது: உங்கள் வாடிக்கையாளரின் வாடிக்கையாளர் யார் என்று விசாரியுங்கள். எனக்குப் பணம் தர வேண்டியவர் தொழிற்சாலைக்காரர். அவருக்குத் தர வேண்டியவர் கொழும்பில். அவருக்கு மேலே இருந்தவர் ரஷ்யாவில். சங்கிலியின் நுனி அறுந்தால் அடிக் கண்ணியும் விழும். கடன் கொடுக்குமுன் ஒரு கேள்வி கேட்பதில் குற்றமில்லை.

மூன்றாவது: எப்படியும் விற்றுவிடும் என்ற தைரியத்தில் தரத்தைக் குறைக்காதீர்கள். ஜோர்ஜியாவில் தேயிலை கெட்டது 1991இல் அல்ல. எடை காட்டினால் போதும் என்று எண்ணிய நாளிலேயே கெட்டுவிட்டது. 1991 அதை வெளியே காட்டியது, அவ்வளவுதான். வேறு கடை இல்லாததால் நம்மிடம் வருபவர், பக்கத்தில் ஒரு கடை திறந்த மறுநாளே போய்விடுவார்.

நான்காவது: முடிந்தவரை உங்கள் பெயரிலேயே விற்கப் பாருங்கள். மெரில் பெர்னாண்டோ 1980களில் டில்மா என்ற பெயரில் பக்கற் தேயிலையை அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டு சென்றார். மூடைத் தேயிலைக்கு விலை சொல்பவர் வாங்குபவர்; பெயருள்ள பக்கற்றுக்கு விலை சொல்பவர் விற்பவர். மசாலைத் தூள் அரைப்பவருக்கும் இனிப்புப் பண்டம் செய்பவருக்கும் இது பொருந்தும்.

இன்று இரவு கடையை மூடுமுன் கணக்குக் கொப்பியைத் திறந்து, கூடுதலாக வாங்கும் முதல் மூன்று பேரின் பெயரை எழுதுங்கள். முதற் பெயரை அடித்துவிட்டு, மிச்சத்தில் கடை வாடகையும் வேலையாள் சம்பளமும் கட்ட முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் புது வாடிக்கையாளரைத் தேடும் வேலையை நாளையே தொடங்குங்கள். 1998இல் அந்தக் கணக்கை நான் பார்க்காமல் விட்டேன். ஒரு லொறியை விற்றுத்தான் அந்தப் பாடத்தைப் படித்தேன்.