வாடகை ஒப்பந்தம் யார் பெயரில்?

அன்புள்ள மகளுக்கு,

நெவார்க்கில் பப்ளிக் டிஃபெண்டராகச் சேரப்போகிறாய் என்று அண்ணன் போனில் சொன்னார். பெரிய நிறுவனத்து வேலையை விட்டுவிட்டுப் போகிறாளே என்று அண்ணிக்குக் குறைதான். எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி. வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்று 1963-ல் கிடியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உன்னைப் போன்றவர்கள் நீதிமன்றத்தில் அவர் பக்கத்தில் போய் உட்காரவில்லை என்றால் அந்தத் தீர்ப்பு வெறும் காகிதம். இதே வேலைக்கு வரும் மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்பதால் இதை அச்சில் எழுதுகிறேன்.

முதலில் நகரத்தின் வரைபடத்தைப் பார். 1987-ல் நியூ ஜெர்சி ஒரு சட்டம் போட்டது. பள்ளி நிலத்திலிருந்து 1,000 அடிக்குள் போதைப்பொருள் விற்றாலோ, விற்கும் எண்ணத்தோடு வைத்திருந்தாலோ, பரோலே இல்லாமல் குறைந்தது 3 ஆண்டு சிறை. ஓர் அவுன்ஸுக்குக் குறைவான கஞ்சா என்றால் 1 ஆண்டு. குழந்தைகளைக் காக்கிற சட்டத்தை யார் எதிர்ப்பார்கள்? நீ வளர்ந்த எடிசனில் வீடுகள் பரந்து கிடக்கின்றன. பள்ளிக்கும் பள்ளிக்கும் இடையே வேண்டிய தூரம் இருக்கிறது. நெவார்க்கில் நாலு தெருவுக்கு ஒரு பள்ளி. ஒவ்வொன்றைச் சுற்றியும் 1,000 அடிக்கு வட்டம் போட்டால், வட்டத்தின்மேல் வட்டம் ஏறி நகரின் பெரும்பகுதி உள்ளே அகப்பட்டுவிடுகிறது. ஊரே பள்ளி வட்டமாகிவிட்ட பிறகு, விற்பவன் பள்ளியைவிட்டு விலகிப் போக என்ன காரணம் மிஞ்சுகிறது? மாநிலத்தின் தண்டனைச் சீராய்வு ஆணையம் 2005-ல் கணக்கெடுத்தது. அந்தச் சட்டத்தின்கீழ் சிறையில் இருந்தவர்களில் 96 சதவீதம் பேர் கறுப்பினத்தவர் அல்லது ஹிஸ்பானியர். சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. அடிக்கணக்கு மட்டும்தான் இருந்தது.

மத்திய சட்டத்தில் கணக்கு கிராமில். 1986 ஜூனில் லென் பயஸ் என்ற கூடைப்பந்து வீரர், பாஸ்டன் செல்டிக்ஸ் அணி தேர்ந்தெடுத்த இரண்டாம் நாள், கொக்கெய்னால் இறந்தார். நாடே அதிர்ந்தது. அக்டோபரில் சட்டம் வந்துவிட்டது: 5 கிராம் கிராக்குக்கும் 500 கிராம் கொக்கெய்ன் பவுடருக்கும் ஒரே மாதிரி குறைந்தது 5 ஆண்டு. கிராக் என்பது அதே பவுடரைச் சோடா மாவோடு சேர்த்துக் காய்ச்சியதுதான். மத்திய தண்டனை விதி ஆணையமே 1995-ல் இரண்டையும் சமமாக்கச் சொன்னது, காங்கிரஸ் மறுத்தது. 2010-ல்தான் அந்த நூறு மடங்கு வித்தியாசம் பதினெட்டு மடங்காகக் குறைந்தது. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்கு அது எட்டியது 2018-ல். இடையில் ஓடிய ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகள் அப்பன் முகம் பார்க்காமல் வளர்ந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

நீ ஒருவருக்காக வாதாடப் போகிறாய். ஆனால் தண்டனை ஒரு தெருவுக்குப் போகிறது. குற்றவியல் அறிஞர் டாட் கிளியர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஒரு வட்டாரத்திலிருந்து ஆட்களைச் சிறைக்கு அனுப்புவதும் அவர்கள் திரும்புவதும் ஓர் அளவைத் தாண்டினால், அங்கே குற்றம் குறைவதற்குப் பதில் கூடக்கூடும் என்றார். சம்பாதிப்பவன், பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப்போகிறவன், பையன்கள் எல்லை மீறினால் அதட்டுகிற பெரியவன் எல்லோரும் மாறி மாறிக் காணாமல் போகும் தெருவில் யார் யாரைக் கண்டிப்பது? புரூக்ளினின் பிரௌன்ஸ்வில்லில் சில தெருக்களில், ஒரே பிளாக்கைச் சேர்ந்தவர்களைச் சிறையில் வைக்க ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்குமேல் செலவானதை ஆய்வாளர்கள் எரிக் கடோராவும் லாரா குர்கனும் வரைபடமாகவே போட்டுக் காட்டினார்கள். அந்தத் தெருக்களுக்காக அரசு செலவழிக்கிற பணம்தான் அது. போய்ச் சேர்வது சிறை இருக்கிற வேறு ஊருக்கு. நியூ ஜெர்சியில் 2020 வரை ஆள்கணக்கும் அப்படியே போயிற்று. நெவார்க் ஆள் பிரிட்ஜ்டன் சிறையில் இருந்தால், சட்டமன்றத் தொகுதி பிரிக்கும்போது அவன் பிரிட்ஜ்டன்வாசி. அங்கே ஓட்டுப்போட முடியாத அவனால் அந்தத் தொகுதிக்கு எடை கூடும். அவன் அம்மா வாழும் தொகுதிக்குக் குறையும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. கட்சிக்காரரை முதல்முறை பார்க்கும்போது வழக்கைப் பற்றிக் கேட்பதோடு, வீட்டைப் பற்றியும் கேள். வாடகை ஒப்பந்தம் யார் பெயரில்? பொதுக் குடியிருப்பா? வீட்டில் சின்னப் பிள்ளைகள், வயதானவர்கள் இருக்கிறார்களா? உணவு உதவி அட்டை யார் பெயரில்? குடியுரிமை உண்டா? ஏன் என்று சொல்கிறேன். 2002-ல் ரக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படி. பேரப்பிள்ளையிடமோ வந்து போகிற விருந்தாளியிடமோ போதைப்பொருள் இருந்தால், அது தெரியவே தெரியாத பாட்டியையும் பொதுக் குடியிருப்பு நிர்வாகம் வெளியேற்றலாம். கட்டாயமில்லை, வெளியேற்றலாம் என்பதுதான் சட்டம். அந்த இடைவெளியில்தான் உனக்கு வேலை இருக்கிறது. கடுமையான போதைக் குற்றத்தில் தண்டனை பெற்றவருக்கு ஆயுள் முழுக்க உணவு உதவி கிடையாது என்ற 1996 சட்டத்தைப் பல மாநிலங்கள் தளர்த்திவிட்டன. ஆனாலும் உதவி கிடைக்குமா என்று கேட்டால், கட்சிக்காரர் எங்கே குடியேறுவார் என்று விசாரித்துவிட்டே பதில் சொல்.

பெரும்பாலான வழக்குகள் விசாரணைக்கே வராது. பிளீ பேரத்தில் முடியும். நீண்ட சிறைத் தண்டனையைக் காட்டி, ஒப்புக்கொண்டால் ஓர் ஆண்டு என்பார் பிராசிக்யூட்டர். பயந்தவர் பேனாவைக் கேட்பார். குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படக்கூடும் என்றால் அதை வக்கீல் சொல்லியே ஆக வேண்டும் என்று 2010-ல் படியா வழக்கில் தீர்ப்பானது. வீடு போகும், வேலைக்கான உரிமம் போகும் என்பதையெல்லாம் சொல்ல அந்தத் தீர்ப்பு உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நீ சொல். கையெழுத்துக்கு முன்னால், தாயையோ மனைவியையோ பக்கத்தில் உட்காரவைத்து, அவர்களுக்குப் புரிகிற மொழியில் சொல்.

தெருவுக்காகப் பேசுகிறோம் என்று தெருவின் வாயை அடைத்துவிடக் கூடாது, மகளே. வாசற்படியில் ஊசி கிடப்பதைப் பார்த்துப் போலீஸைக் கூப்பிடுகிற அம்மாளும் அங்கேதான் வாழ்கிறார். வாஷிங்டனில் பப்ளிக் டிஃபெண்டராக இருந்த ஜேம்ஸ் ஃபார்மன் ஜூனியர், கடுமையான தண்டனையைக் கறுப்பினத் தலைவர்களும் மக்களுமே கேட்ட காலத்தைப் பற்றி ஒரு நூல் எழுதியிருக்கிறார். புலிட்சர் பரிசு பெற்றது. அவசியம் படி. அந்த மக்கள் போலீஸோடு பள்ளியும் வேலையும் மருத்துவமும் கேட்டார்கள். கைக்கு வந்தது பெரும்பாலும் போலீஸும் சிறையும்தான். மாநிலச் சிறைகளில் போதைக் குற்றத்துக்காக இருப்பவர்கள் சிறு பங்கினரே என்பதையும் மறந்துவிடாதே. இந்தச் சட்டங்கள் போனால் சிறைகள் காலியாகும் என்று மேடையில் பேசினால், விவரம் தெரிந்த நீதிபதி அடுத்த முறை உன்னை நம்ப மாட்டார்.

பள்ளி வட்ட வழக்குகள் உனக்குச் சீக்கிரமே வரும். நகரப் பொறியாளரின் வரைபடத்தை அரசுத் தரப்பு நீட்டினால் அப்படியே ஏற்காதே. அந்தக் கட்டடம் இன்னும் பள்ளியாக நடக்கிறதா என்று நேரில் போய்ப் பார். 2010 திருத்தத்துக்குப் பிறகு, அந்தக் கட்டாயச் சிறையைத் தளர்த்த நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. சம்பவம் பள்ளி நிலத்துக்குள்ளேயே நடந்திருந்தால், அல்லது துப்பாக்கியோ வன்முறையோ இருந்தால் அந்தத் தளர்வு கிடைக்காது. மற்றவற்றில் அவர் பார்க்க வேண்டியவை சட்டத்திலேயே இருக்கின்றன: பழைய குற்றப் பதிவு, பள்ளி எவ்வளவு தூரம், அப்போது வகுப்பு நடந்ததா, குழந்தைகள் இருந்தார்களா. கைதானது இரவு பதினொரு மணி என்றால், கோடை விடுமுறை என்றால், அதற்கான தாளைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்திரு. வன்முறையில்லாத வழக்குகளில் கட்டாயச் சிறையைக் கேட்க வேண்டாம் என்று மாநில அட்டர்னி ஜெனரல் 2021-ல் பிராசிக்யூட்டர்களுக்கு உத்தரவிட்டார். ஓர் அட்டர்னி ஜெனரல் போட்டதை இன்னொருவர் எடுத்துவிட முடியும். சட்டம் புத்தகத்தில் இருக்கும்வரை அந்த உத்தரவை நம்பி வாதத்தைத் தயாரிக்காமல் போகாதே.

முதல் மனுவை எழுதியதும் எனக்கு அனுப்பு. வரிக்கு வரி படித்துத் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
சித்தப்பா